மேப்பிள் பாணியும் எங்கட சனமும்

மேப்பிள் சிரப் காய்ச்சுவது என்பது, நாற்பது வாளி தண்ணீரை அடுப்பில் வைத்து, முப்பத்தொன்பது வாளியை ஆகாயத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சம் ஒரு வாளியை விற்க ஊரெல்லாம் அலைகிற தொழில். மரத்திலிருந்து வடிவது பார்வைக்கு வெறும் பச்சைத் தண்ணீர்தான். நாக்கில் வைத்தால்கூட இனிக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். விறகைத் தள்ளித் தள்ளிக் காய்ச்சினால்தான் அது பாணியாகும். காய்ச்சுகிறவன் அதற்குள் பாதியாகிவிடுவான்.

வீட்டில் கேக் செய்து விற்பவர்கள், பேஸ்மென்டில் சேலைக் கடை வைத்திருப்பவர்கள், காப்புறுதி விற்கப் போய்ச் சொந்தக்காரர் எல்லோரும் போனை எடுக்காமல் விட்டவர்கள், நீங்கள் எல்லோரும் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மாதச் சம்பளக்காரர்கள் வாசித்துச் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

உடன்படிக்கை

நானும் அன்ரனும் ஸ்காபரோவில் கார் உதிரிப்பாகங்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள். நான் யாழ்ப்பாணம், அவன் மன்னார். நான் கோயில், அவன் சேர்ச். இருவருக்கும் பொதுவாக இருந்தது சுப்பர்வைசரைப் பிடிக்காதது மட்டும்தான். தொழிற்சாலை ஒருநாள் மூடியது. அடுத்த வேலைக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அன்ரன் ஒரு காட்டைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். ரொறன்ரோவிலிருந்து வடகிழக்கே ஒன்றரை மணித்தியால ஓட்டம். வோல்டர் என்ற வெள்ளைக்காரக் கிழவரின் மேப்பிள் காடு. முழங்கால் இரண்டும் போய்விட்டதால் இனிப் பனிக்குள் நடக்க ஏலாது என்று மரங்கள், காய்ச்சுகிற கொட்டில், அடுப்புக்கு மேல் வைக்கிற அகலத் தாச்சி எல்லாவற்றையும் சேர்த்துக் குத்தகைக்கு விட ஆள் தேடிக்கொண்டிருந்தார். காட்டைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அத்தனை வருடம் ரியூப்லைட்டுக்குக் கீழே நின்றவன், வெயில் மரக்கொப்புகளுக்குள்ளால் இறங்கிப் பனியில் விழுவதைப் பார்த்தால் பைத்தியம் பிடிக்காமல் வேறு என்ன பிடிக்கும்?

என் மனைவி ராகினிக்குப் பிடிக்கவில்லை. பைத்தியமும் பிடிக்கவில்லை, காடும் பிடிக்கவில்லை. ஸ்காபரோவில் ரூஜ் பக்கம் உள்ள எங்கள் வீட்டுக் கராஜில் அவளுடைய கார் நிற்கிற இடத்தில்தான் போத்தல் பெட்டிகளை அடுக்கப்போகிறேன் என்பது அவளுக்கு நான் வாய் திறக்கும் முன்பே விளங்கிவிட்டது. இரண்டு கிழமை பேசிப் பேசிக் கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். மூன்று வசந்தம் காய்ச்சலாம். மூன்றாவது வருடம் குத்தகையைப் புதுப்பிக்கிற செப்டெம்பர் வரும்போது கராஜ் வெறுமையாக இருக்கவேண்டும். பெட்டிகள் மிஞ்சிக் கிடந்தால் காட்டை விட்டுவிட்டு நான் அவளுடைய தமையனின் லொறிக் கம்பனியில் வேலைக்குச் சேரவேண்டும். மச்சானுக்குக் கீழே வேலை! இதற்கு மேல் உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது. கை கொடுத்து ஒப்பந்தம் முடிந்த பிறகு ராகினி சொன்னாள்: “மூண்டு தரம் பாப்பம். அதுக்குப் பிறகும் மரம் பாக்க ஆசையெண்டால் ரூஜ் பார்க்கிலை போய்ச் சும்மா பாத்திட்டு வாங்கோ.”

சுண்ணாம்பு

முதல் வசந்தத்தில் காட்டின் உட்பக்க மரங்களுக்குச் சாறு இறங்கிவர நீலக் குழாய் இழுத்தோம். கொட்டிலைச் சுற்றி நின்ற மரங்களுக்கு வோல்டரின் பழைய தகர வாளிகளைக் கொழுவினோம். வேலை நடக்கிற வடிவைப் பார்க்க வேண்டும் என்று என் மாமனார் ஆசைப்பட்டார். ராகினியின் அப்பா. பாவம், வீட்டுக்குள்ளேயே இருக்கிற மனிசன் என்று ஒரு சனிக்கிழமை காலை கூட்டிக்கொண்டு போனேன். கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டு, வாயில் வெற்றிலையோடு கொட்டில் வாசலில் கதிரை போட்டு இருந்தார். நாங்கள் காட்டுக்குள்ளே குழாய்களைப் பார்க்கப் போனோம். மத்தியானம் வந்து வாளிகளை எடுத்தால், சாறு பால் கலந்த தண்ணீர்போல வெளிறிக் கிடக்கிறது. மரத்துக்கு ஏதோ வருத்தம் என்று அன்ரன் பயந்துவிட்டான். நான் வோல்டருக்குப் போன் போடப் போனேன்.

மாமா கதிரையில் இருந்தபடி, பயப்பட ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார். எங்கள் ஊரில் பனையிலிருந்து கருப்பநீர் இறக்குகிறவர்கள், அது புளித்துவிடாமல் இருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு பூசித்தான் கட்டுவார்கள். மாமா தன் வெற்றிலைப் பையில் கிடந்த சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போய், எட்டிய வாளிகளுக்கெல்லாம் உள்ளே விரலால் வடிவாகப் பூசிவிட்டு வந்திருக்கிறார். அன்றைய வாளிச் சாறு முழுவதையும் பனியில் ஊற்றினோம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏன் மாமா என்று கேட்டேன். அவர் என்னைவிடக் கடுமையாகத் திருப்பிக் கேட்டார்: “சுண்ணாம்பு பூசாமல் விட்டால் வெய்யில் ஏறக் கள்ளாப் போயிடும், தம்பி. பிறகு பொலிஸ் வந்து கேட்டால் ஆர் மறுமொழி சொல்லுறது, நீரோ நானோ?”

ருசி பார்க்க ஆளில்லாத கொட்டில்

சிரப் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க அளவுகருவி ஒன்று இருக்கிறது. மிதக்கவிட்டுப் பார்த்தால் தடிப்பைச் சொல்லும். நிறத்தைக் கண் சொல்லும். ஆனால் தாச்சியின் அடி கொஞ்சம் பிடித்துவிட்டதா, கருகல் ஏறிவிட்டதா என்பதை நாக்கு மட்டும்தான் சொல்லும். எங்கள் கொட்டிலில் நாக்கு இருந்தது இரண்டு பேருக்கு. எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று ராகினியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். அன்ரனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் மேப்பிள் மரம் சாறு விடுவது மார்ச் மாதம், அதுதான் தவக்காலமும். அவன் சின்ன வயதிலிருந்து தவக்காலத்தில் இனிப்புத் தொடாதவன். ஆக, கனடாவிலேயே ருசி பார்க்க ஆளில்லாமல் சிரப் காய்ச்சிய கொட்டில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

முதல் முதல் அடைத்த போத்தல்களில் ஒன்றைப் பெருமையோடு கொண்டுபோய் என் டொக்டரிடம் கொடுத்தேன். தமிழ்ப் பெண்தான். சீனி வருத்தக்காரனுக்கு உலகத்தில் வேறு தொழிலே கிடைக்கவில்லையா என்று ஏற்கெனவே பேசியவர். அடுத்தமுறை போனபோது என்னுடைய இரத்தப் பரிசோதனைப் பேப்பரைப் பார்த்துக்கொண்டே போத்தலைப் பற்றிச் சொன்னார். ஒரே கருகலாம். அந்தப் போத்தலை அடைத்த அன்றைக்குக் காய்ச்சியது முழுவதும் அடி பிடித்திருக்கிறது. நானும் அன்ரனும் அது தெரியாமல் கைதேர்ந்தவர்கள்போல மூடி இறுக்கி, லேபிள் ஒட்டி அடுக்கி வைத்திருக்கிறோம். அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “நீங்கள் நாக்கிலை வைக்கேல்லை எண்டது பிளட் ரெஸ்டிலை தெரியுது, சந்தோசம். சிரப்பிலையும் தெரியுது.”

பாதர் தந்த அனுமதி

அதற்குப் பிறகு அன்ரன் தன் பங்குத் தந்தையிடம் போய் விஷயத்தைச் சொன்னான். தொழிலுக்காக ஒரு சொட்டு நாக்கில் வைப்பதில் பாவமில்லை என்று பாதர் அனுமதி கொடுத்தார். அன்றிலிருந்து அன்ரன் ருசி பார்க்கத் தொடங்கினான். ஆனால் பார்க்கிற வடிவு இருக்கிறதே! கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுளித்து, கஷாயம் குடிக்கிறவன்போல விழுங்குவான். கொட்டிலுக்கு வந்த ஒரு பெரியவர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, வாங்க எடுத்த போத்தலைத் திரும்ப மேசையில் வைத்தார். பழுதாய்ப் போய்விட்டதா என்று கேட்டார். அன்ரன் பதறிப்போய்ச் சொன்னான்: “இல்லை ஐயா, திறமா வந்திருக்கு. ரசிக்கக்கூடாதெண்டு பாதர் சொன்னவர்.”

பொன் நிறம்

சிரப்பில் பல நிறம் உண்டு. குளிர் காலம் முடிகிற கையோடு வருவது பொன் நிறம், மென்மையான ருசி. நாள் போகப்போகக் கறுத்துக்கொண்டு வரும், ருசியும் தடிக்கும். சந்தையில் மதிப்பு பொன் நிறத்துக்குத்தான். கறுத்ததை மொத்தமாகப் பீப்பாவில் அடைத்து, பிஸ்கட்டுக்கும் மற்றதுக்கும் சேர்க்கிற கம்பனிகளுக்குத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். முதல் இரண்டு வருடமும் நாங்களும் அப்படித்தான் செய்தோம். நல்லதை நம்மவர்களுக்கு என்று பொன் நிறப் போத்தல்களை ஸ்காபரோவுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பிளாசாவில் தமிழ்க் கடைக்கு வெளியே, வாழைக்காய்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு நிற்கக் கடைக்காரர் இடம் தந்தார்.

சனம் வந்தது, போத்தலைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தது, என்னையும் ஒருமுறை பார்த்தது, வைத்துவிட்டுப் போனது. ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை. பிளாசாவுக்குப் பின்னால் உயர்ந்த அப்பார்ட்மென்டில் பூமணி அன்ரி என்று ஒருவர் இருக்கிறார். கிழமைக்கு இரண்டு தரம் தள்ளுவண்டியோடு மரக்கறி வாங்க வருவார். மனதில் பட்டதை மறைக்கத் தெரியாத மனிசி. அவரிடம் கேட்டேன். தண்ணீர் கலந்திருக்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள் என்றார். நான் கலக்கவில்லை, காய்ச்சி எடுத்ததே தண்ணீரை வற்றவைத்துத்தான், இதுதான் உயர்ந்த வகை என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அன்ரி சொன்னார்: “குறை நினையாதையும் தம்பி, இருமல் மருந்துப் போத்தலைக் கழுவின தண்ணி மாதிரிக் கிடக்கு.”

தொங்கியது

சனத்துக்கு நம்பிக்கை வரவேண்டுமானால் காய்ச்சுவதைக் கண்ணால் காட்டவேண்டும் என்று ராகினிதான் சொன்னாள். இரண்டாவது வசந்தத்தில் பூமணி அன்ரியின் கட்டடத்து முதியோர் சங்கத்தை ஒரு பஸ்ஸில் காட்டுக்குக் கூட்டிப் போனோம். பாதிப் பேர் சுத்த சைவம். அதனால் பஸ்ஸிலேயே எழும்பி நின்று, எங்கள் சிரப்பில் மரச்சாற்றைத் தவிர ஒன்றுமே இல்லை, கொதித்து நுரை பொங்கினால் அடக்க இரண்டு துளி தேங்காய் எண்ணெய் மட்டும்தான் விடுகிறோம் என்று அறிவித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் தெம்பாக இருந்தது.

கொட்டிலுக்குள் போனால் வோல்டர் நிற்கிறார். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நொண்டி நொண்டி உதவிக்கு வந்திருக்கிறார். அவர் காலத்தில் நுரை அடக்குகிற முறை வேறு. தாச்சிக்கு மேலே ஒரு நூலில் பெரிய பன்றிக் கொழுப்புத் துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள், நுரை எழும்பி அதில் பட்டதும் அடங்கிவிடும். பழைய முறையைக் காட்டினால் சனம் சந்தோசப்படும் என்று நல்ல மனதோடு ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது எந்த மிருகத்தினுடையது என்பதையும் மெதுவாக, தெளிவாக, எல்லோருக்கும் விளங்குகிற இங்கிலீசில் சொன்னார். நான் பாய்ந்துபோய் நூலை அறுத்து எடுத்தேன். நல்ல காலம், அடுப்பு அப்போதுதான் மூட்டியது, நுரை அந்த உயரத்துக்கு வரவில்லை. பூமணி அன்ரி தாச்சியைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், வேர்த்து நின்ற என்னைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “தாச்சியிலை படேல்லைத்தானே? தொங்கினது மட்டும்தானே? அப்ப நான் அந்தப் பக்கம் பாக்கேல்லை.”

மூன்றாவது வசந்தம்

மேப்பிள் மரத்துக்கு இரவு உறையவேண்டும், பகல் இளகவேண்டும். அப்போதுதான் சாறு ஓடும். மூன்றாவது வருடம் மார்ச் மாதத்திலேயே வெயில் வந்து குந்திவிட்டது. எங்கள் தெருவில் பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு சைக்கிள் ஓடினார்கள். ஊரே சந்தோசப்பட்டது, நானும் அன்ரனும் மட்டும் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தோம். சாறு அவசரமாக ஓடி அவசரமாக முடிந்தது. மொட்டு விரிந்துவிட்டால் சாற்றில் ஒரு கெட்ட வாசம் ஏறிவிடும், பிறகு காய்ச்சிப் பிரயோசனம் இல்லை. அதற்குள் கிடைத்ததைக் காய்ச்சினோம். காய்ச்சியது எல்லாமே கறுப்பு. பொன் நிறத்தில் ஒரு போத்தல் தேறவில்லை. எல்லாக் காட்டிலும் அதே கதை என்பதால் பீப்பாவில் எடுக்கிற கம்பனியும் வேண்டாம் என்றுவிட்டது. முதல் இரண்டு வருடமும் விவசாயிகள் சந்தையில் எங்கள் பொன் நிறத்தை வாங்கியவர்கள் போத்தலைத் தூக்கி வெயிலில் பிடித்தார்கள். வெயில் உள்ளே நுழையவே இல்லை. சிரித்துக்கொண்டே திரும்ப வைத்தார்கள்.

பெட்டிகள் கராஜின் கூரையைத் தொட்டன. நான் மச்சானுக்குப் போன் செய்து செப்டெம்பரில் வருகிறேன் என்று சொன்னேன். அவர் உடனே சரி என்றார், அதுதான் இன்னும் வலித்தது. மரங்களில் அடித்த குழாய்களைக் கழற்றப் போன அன்றைக்கு, இனி இந்தக் காட்டுக்கு வரமாட்டேன் என்று நினைக்க எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அன்ரன் பார்க்காதவன்போல நின்றான். பிறகு கொட்டிலில் மிச்சமிருந்த கறுப்புச் சிரப் குடுவை ஒன்றைத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, மெஷினில் நின்ற காலத்துக் குரலில் கேட்டான்: “அண்ணை, இதைப் போத்தலிலை விடுறதோ, என்ஜினிலை விடுறதோ?”

ஆடிப்பிறப்பு

ஜூலை நடுப்பகுதி. பிளாசாவில் மேசைக்குப் பின்னால் வேர்த்துக்கொண்டு நின்றேன். விற்பனை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பூமணி அன்ரி தள்ளுவண்டியோடு வந்தார், நல்ல கோபத்தில் இருந்தார். அடுத்தநாள் ஆடிப்பிறப்பு. யாழ்ப்பாணத்துக்காரருக்கு அன்றைக்கு அரிசி மாவும் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் போட்டு ஆடிக்கூழ் காய்ச்சியே ஆகவேண்டும். அவர் வாங்கிய பனங்கட்டியைக் கரைத்துப் பார்த்தால் வெறும் சீனியாம். கடைக்காரரோடு சண்டை பிடித்துவிட்டு வெளியே வந்தவரின் கண் என் மேசையில் விழுந்தது. ஒரு போத்தலைத் தூக்கினார். தலைகீழாகப் பிடித்தார். உள்ளே காற்றுக் குமிழ் ஒன்று ஆற அமர மேலே ஏறுவதைக் கடைசிவரை பார்த்தார். இது உங்களுக்குச் சரிவராது அன்ரி, கறுத்துப்போனது என்று நானே சொன்னேன். அவர் எனக்குப் பதில் சொல்லாமல் போத்தலைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்தநாள் மத்தியானம் போன் வந்தது. வீட்டுக்கு வரச் சொன்னார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு வாங்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் லிப்டில் ஏறினேன். குசினி மேசையில் ஒரு கிண்ணம் கூழ் இருந்தது. எனக்குச் சீனி வருத்தம் என்றேன். ஒரு கரண்டி குடித்தால் ஒன்றும் ஆகாது என்றார். குடித்தேன். மூன்று வருடம் காய்ச்சி விற்ற பொருளை அன்றைக்குத்தான் முதல் தடவை என் வாயில் வைக்கிறேன். தேங்காய்ப்பாலுக்கு அடியில் புகை மணமும் லேசான கைப்பும் கலந்த ஒரு ஆழமான இனிப்பு. இதையா நான் பீப்பாவில் தள்ளினேன் என்று இருந்தது. அன்ரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “பனங்கட்டி மாதிரி எண்டு பொய் சொல்லமாட்டன், தம்பி. உது வேறை சாமான். ஆனா நல்ல பனங்கட்டி வந்தாலும் இனி நான் உதுதான் போடுவன்.”

வேண்டுதல்

அன்று பின்னேரமே கூழ் குடித்துப் பார்த்த, அன்ரியின் மாடியில் இருந்த பெண்கள் போத்தல் கேட்டு ஆள் அனுப்பினார்கள். பிறகு அந்தக் கட்டடம், பிறகு பக்கத்துக் கட்டடம். ஒரு பழைய மாணவர் சங்கம் மண்டபத்தில் ஆடிக்கூழ் காய்ச்சப் பெட்டி கணக்கில் எடுத்தது. மாதா திருநாளுக்கு அல்வாபோன்ற தொதல் கிளற அன்ரனின் சேர்ச் ஆட்கள் வந்தார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு மோதகத்துக்குள் வைக்கிற உள்ளுடன் செய்யலாம் என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட, ரூஜ் வீட்டு வாசலில் கார்கள் நின்றன. எனக்கும் அன்ரனுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கவே நேரம் சரியாக இருந்தது. போன் எடுத்தது, கறுப்புத்தானே என்று கேட்பவர்களுக்கு ஓம் கறுப்புத்தான் என்று சத்தியம் செய்தது, வரிசையில் நின்றவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தது எல்லாம் ராகினி. கடைசிப் பெட்டி போனதும் மச்சானுக்குப் போன் செய்து வேலைக்கு வரவில்லை என்று சொன்னேன். பரவாயில்லை, தனக்கு ஒரு போத்தல் வேண்டும் என்றார். முடிந்துவிட்டது என்று சொல்லும்போது எனக்கு இருந்த சந்தோசத்தை உங்களால் ஊகிக்க முடியும்.

குத்தகையைப் பற்றி எப்படிக் கதையைத் தொடங்கலாம் என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். ராகினி போனில் வோல்டரோடு பேசிக்கொண்டிருந்தாள். இன்னும் ஐந்து வருடத்துக்கு என்று அவரிடம் சொல்லி, முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் விசாரித்துவிட்டு வைத்தாள். அவள் என்னைப் பார்த்து, கடைக்குச் சாமான் சொல்கிற குரலில் சொன்னாள்: “இஞ்சேருங்கோ, அடுத்த வருசமும் வெய்யில் கெதியா வரவேணுமெண்டு நேந்து வையுங்கோ. வெளிறினதைக் குடுத்து ஆக்களிட்டைப் பேச்சு வாங்க எனக்கு ஏலாது.”

இந்தத் தொழிலில் நான் படித்தது இவ்வளவுதான்: மரம் எப்போது சாறு விடும் என்பதை வானிலை அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம், எங்கள் சனம் எப்போது வாங்கும் என்பதற்குப் பஞ்சாங்கத்தைத்தான் பார்க்கவேண்டும்.